பார்த்துவிட்ட பிறகு

பெங்களூரிலிருந்து ஒசூருக்கு வரும் நெடுஞ்சாலைக்கு அந்நகரத்தில் ஒசூர் சாலை என்றே பெயர். தலைக்குள் ஏதோ கோளாறு என்று அஞ்சும் கிருஷ்ணகிரிச் சீமையார் பலர், அந்தச் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையைத்தான் நினைக்கிறார்கள்.

ஒசூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைக்குப் போகும் ஓர் இளைஞனை வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி என்று எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறான். வலிக்குக் காரணம் அகப்படவில்லை. ஆனால் மண்டையோட்டில் ஓரிடம் தடித்திருக்கிறது. மருந்து ஏற்றி எடுத்த படத்தில் அந்த இடம் பளிச்சிடுகிறது. புற்றுநோய் என்ற சொல் அவன் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த அச்சத்தைப் பெரும்பாலும் போக்குவது அதைவிடப் பழைய கருவி. எம்.ஆர்.ஐ. மூளையையும் சதையையும் காட்டுவதில் வல்லது; எலும்பின் அமைப்பைக் காண சி.டி.தான் வேண்டும். 1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்த கருவி அது. அதில் அந்தத் தடிப்பு, குளியலறை ஜன்னலின் மங்கல் கண்ணாடிபோல் ஒரே சீராகத் தெரிந்தால், அநேகமாக அது ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா. எலும்பு முற்றாமல் நாரும் பிஞ்செலும்புமாக நின்றுவிட்ட இடம். புற்றாக மாறுவது மிக அரிது. கண் நரம்பை நெருக்கினாலன்றி, முகத்தைக் கோணச் செய்தாலன்றி, பெரும்பாலும் கத்தி வைக்க வேண்டியதில்லை. அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் அவனிடம் அதைச் சொல்லத்தான் வேண்டுமா? "ஒன்றுமில்லை, போய் வா" என்று அனுப்பிவிடுவதே கருணை என்பார் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிழைப்புத் தேடி ஊர் மாறுகிறவன் அவன். நாளை வேறோர் ஊரில், இந்தக் கதை தெரியாத மருத்துவர் அதே தடிப்பைக் கண்டு, சோதனைக்கென்று எலும்பில் துளை போடலாம். பெயரும் படமும் அவன் கையில் இருந்தால் அது நேராது. தலை அவனுடையதல்லவா?

பெயரை மட்டும் தாளில் கிறுக்கிக் கொடுப்பதும் சொல்வதாகாது. "என் வயிற்றில் வந்த குறையா, ஐயா?" என்று அவன் தாய் கேட்பாள். அல்ல, பெற்றோரிடமிருந்து வருவதல்ல இது. கரு உருவான பின்பு, ஏதோ ஓர் உயிரணுவில் தற்செயலாக நேர்ந்த மாறுதல். அந்த ஒரு பதிலுக்காகவே அவள் எல்லை தாண்டி வந்திருக்கலாம். அவளுக்குத் தெலுங்கில் சொன்னால்தான் விளங்குமென்றால், தெலுங்கு தெரிந்த ஓர் ஆளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும்.