முதல் பதின்மூன்று பேர்

1990-ல் மும்பையில் டெஹம்டன் உத்வாடியா, வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே பித்தப்பையை அகற்றினார். இந்தியாவில் அதுவே முதல் முறை. மறு ஆண்டு, அமெரிக்காவின் தென்மாநில அறுவை மருத்துவர்கள் தாங்கள் அப்படிச் செய்த 1,518 அறுவைகளின் கணக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு குழுவின் முதல் 13 நோயாளிகளிடம் பித்தநாளக் காயம் 2.2 சதவீதம், அதற்குப் பிறகு வந்தவர்களிடம் 0.1. பட்டம் அதேதான், கைதான் பழகியிருந்தது.

நம் பக்கத்தில் அந்த 13 பேர் யார்? சேலம் பெரியாஸ்பத்திரிக்கு விடியற்காலைப் பஸ்ஸில் வந்து இறங்குகிற ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளி, இளம்பிள்ளைத் தறிக்காரர், லாரி கிளீனர். சேலத்தில் 1986-லும் நாமக்கல்லில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. மாணவர் முதலில் அசிஸ்ட் செய்வார்; பிறகு சீஃப் பக்கத்தில் நிற்க, கத்தி அவர் கைக்கு வரும். இதைத் தவிர வேறு வழியில்லை, இதில் குற்றமும் இல்லை.

குறை அதற்குப் பிறகுதான். மாணவரின் லாக் புக்கில் எத்தனை அறுவை என்று இருக்கும், எப்படிச் செய்தார் என்று இருக்காது. கையையும் அளக்க முடியும். மிச்சிகனில் எடைக்குறைப்பு அறுவை செய்யும் 20 மருத்துவர்களின் வீடியோக்களைப் பெயர் தெரியாமல் சக மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். 2013-ல் முடிவு வந்தது. மதிப்பீட்டில் கடைசிக் கால்பகுதியில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல், முதல் கால்பகுதியினரிடம் 5.2.

கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு பத்துச் சக்கர லாரியை எடுக்க நாமக்கல்லில் யாரும் விடமாட்டார்கள். எம்.எஸ். முடித்தவரோ சில நாள் பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்து புதிய அறுவையைத் தொடங்கலாம். எந்த மருத்துவர் எதைச் செய்யலாம் என்று எழுதிவைக்கச் சொல்கிறது என்.ஏ.பி.எச். தர அங்கீகாரம்; அது விரும்பிய மருத்துவமனை பெறுவது. எல்லா மருத்துவமனைக்கும் இந்தப் பட்டியலைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். இப்படிக் கெடுபிடி வந்தால் ராசிபுரத்துக்காரர்கூடக் கோவைக்கு ஓடவேண்டி வரும் என்கிறார்கள். நியாயமான பயம். நடுராத்திரியில் வெடித்த குடல்வாலுக்குப் பட்டியல் பார்க்க முடியாது. நாள் குறித்துச் செய்யும் அறுவைக்குப் பார்க்கலாம்.

ஒரு மருத்துவரின் தேர்ச்சி அவர் மட்டும் உழைத்துச் சேர்த்ததல்ல. சம்மதப் படிவத்தில் கைநாட்டு வைத்தவர்களின் உடம்பிலிருந்தும் வந்தது. அதனால் அந்தக் கை எதில் பழகியது, எதில் இன்னும் பழகவில்லை என்பதை அடுத்து மேசையில் படுக்கிறவர் கேட்காமலே அவருக்குச் சொல்லியாக வேண்டும்.