எளியோர் வெற்றி கற்பிப்பது யாது?

வலியோர் வெல்வதில் வியப்பில்லை. எளியோர் வெல்லும்போதுதான் உலகம் வியந்து நோக்குகிறது. அத்தகைய வெற்றிகளைக் காட்டி, "முயன்றால் வெற்றி உறுதி" என்று நம் பிள்ளைகளுக்கு நாம் அறிவுரை கூறுகிறோம். இவ்வறிவுரை முழு உண்மைதானா என்பதை ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தின் முதன்மைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கில் 20 அணிகள் ஆடுகின்றன. 2015 ஏப்ரல் மாதத்தில் லெஸ்டர் நகரத்து அணி அதில் கடைசி இடத்தில் இருந்தது. இறுதி 9 ஆட்டங்களில் 7ஐ வென்றதால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படாமல் தப்பியது. அடுத்த ஆண்டு அவ்வணி பட்டம் வெல்லுமானால், ஒன்றுக்கு 5000 தருவதாகப் பந்தய நிறுவனத்தார் அறிவித்தனர். அத்துணை நடவாத செயலாக அது கருதப்பட்டது. ஆயினும் 2016 மே மாதத்தில் பட்டம் லெஸ்டருக்கே கிடைத்தது. 38 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே தோற்று, 81 புள்ளிகள் பெற்று, அடுத்து வந்த ஆர்செனல் அணியை 10 புள்ளிகளால் முந்தியது.

அவ்வணியில் இருந்தோர் யாவர்? ஜேமி வார்டி, பதினாறு வயதில் உருவம் சிறியவர் என்று ஒரு கழகத்தாரால் விலக்கப்பட்டவர். தொழிற்சாலையில் உழைத்துக்கொண்டே சிறு கழகங்களில் ஆடியவர். ரியாத் மஹ்ரெஸ், பிரான்சின் இரண்டாம் பிரிவிலிருந்து சிறு தொகைக்குப் பெறப்பட்டவர். 2016இல் சக வீரர்கள் தேர்ந்தெடுத்த ஆண்டின் சிறந்த வீரர் அவரே. பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரி, 2014இல் கிரேக்க அணி சின்னஞ்சிறு பரோயே தீவுகளிடம் தோற்றதும் பதவி நீக்கப்பட்டவர்.

தொழில் நடத்துவோர்க்கு இதில் இரு பாடங்கள் உள்ளன. விலை மிகுந்த இடத்தில்தான் திறமை இருக்கும் என்பதில்லை. பட்டத்தையும் பகட்டான பேச்சையும் பரிந்துரைக் கடிதத்தையும் மட்டும் பார்த்து ஆள் எடுப்பவர், தம் வாயிலுக்கு வந்த வார்டியைத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடும். மற்றொன்று, தன் இயல்பை அறிந்து செயற்படுதல். லெஸ்டர் அணி பெரிய அணிகளைப் போல நெடுநேரம் பந்தைத் தன்னிடம் வைத்து ஆட முயலவில்லை. நெருங்கி நின்று தடுத்தது. பந்து கிடைத்ததும் விரைந்து தாக்கியது. சிறு கடைக்காரர் பெருங்கடையின் ஆடம்பரத்தைப் பின்பற்றி முதலை இழப்பதினும், தமக்குரிய நேர்மையையும் விரைவையும் பேணுதல் நலம்.

எனினும் முயற்சி ஒன்றே இவ்வெற்றியைத் தந்தது என்று சொல்வதற்கில்லை. முந்தைய ஆண்டு பட்டம் வென்ற செல்சி அணி அவ்வாண்டு 10ஆம் இடத்துக்குச் சரிந்தது. வேறு சில பெரிய அணிகளும் தளர்ந்திருந்தன. காலமும் துணை நின்றது. அதே அளவு உழைத்தும் வெல்லாத அணிகள் எத்தனையோ. அவற்றின் பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை. "முயன்றால் வெற்றி உறுதி" என்று சொல்லும்போது, தோற்றவன் முயலாதவன் என்றும் சொல்லாமற் சொல்லிவிடுகிறோம். இரவு பகலாகப் படித்தும் தேர்வில் தவறிய மகளுக்கும், நேர்மையாக நடத்தியும் கடையை மூட நேர்ந்த சகோதரர்க்கும் இச்சொல் பெரும் அநீதியாகும்.

பின் நிகழ்ந்ததையும் எண்ணுதல் வேண்டும். பட்டம் வென்ற ஒன்பதே மாதங்களில், 2017 பிப்ரவரியில், அணி மீண்டும் கீழ்நிலைக்கு வந்தபோது ரனியேரி பதவி நீக்கப்பட்டார். ஒன்பது மாதங்களில் அவர்தம் திறமை எங்குச் சென்றது? 2023இல் அந்த அணியே கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டது. வெற்றியையே அளவுகோலாகக் கொள்வோர் நேற்று தூக்கி வைத்தவரை இன்று இறக்கி வைக்கத் தயங்குவதில்லை.

அவ்வாறாயின் முயற்சி வீணா? அன்று. காலம் கனிந்து வந்தபோது அதனைப் பற்றிக்கொள்ளும் தகுதி லெஸ்டர் அணிக்கு இருந்தது. அத்தகுதியைத் தந்தது உழைப்பே. தகுதி பெறுதல் நம் கையில் உள்ளது; வெற்றி முழுவதும் நம் கையில் இல்லை. ஆகவே, நேர்முகத் தேர்வுக்குச் சென்று திரும்பும் மகனிடம் "வேலை கிடைத்ததா?" என்று கேட்பதற்கு முன், "நன்கு ஆயத்தம் செய்திருந்தாயா? உண்மையாக விடை தந்தாயா?" என்று கேட்போம். ஓராண்டு நட்டத்துக்காகப் பழைய ஊழியரை வெளியேற்ற எண்ணுங்கால், அவர் உழைத்த பல ஆண்டுகளையும் கணக்கில் சேர்ப்போம். எளியோர் வெற்றியிலிருந்து நாம் கற்க வேண்டியது இதுவேயாகும்.