ஓரத்தில் வரைந்த முகம்

சீடன்: குறிப்பேட்டைக் கேட்டீர்கள், ஐயா. கொண்டுவந்திருக்கிறேன். அதில் பாடத்தைவிடப் படம்தான் அதிகம். அதனால்தான் கொடுக்கத் தயங்கினேன்.

குரு: கொடு, பார்க்கிறேன். நீண்ட மேலங்கி, கழுத்திலும் கையிலும் கட்டுத்துணி, கலைந்த முடி. பக்கத்துக்குப் பக்கம் இதே ஆள்தான் நிற்கிறான். யார் இவன்?

சீடன்: ஒசாமு தசாய். 'புங்கோ ஸ்ட்ரே டாக்ஸ்' என்ற ஜப்பானிய மங்காவில் வருகிறவர். கஃப்கா அசாகிரி கதை எழுத, சாங்கோ ஹருகாவா படம் வரைய, 2012 முதல் அது வருகிறது. 2016இல் அனிமேயாகவும் வந்தது. ஜப்பானின் பழைய எழுத்தாளர்கள்தான் அதில் பாத்திரங்கள். அவரவர் எழுதிய கதையின் பெயரே அவரவர் மாய சக்திக்குப் பெயர். இதோ, கறுப்பு அங்கி போட்டிருப்பவர் அகுதாகவா. அவர் சக்தியின் பெயர் 'ராஷோமோன்'.

குரு: அப்படியானால் நீ வரைவது எழுத்தாளனையா, கார்ட்டூன் பாத்திரத்தையா?

சீடன்: இரண்டும் ஒருவர்தானே?

குரு: ஒருவர் என்று எப்படிச் சொல்கிறாய்? 1909இல் ஆவோமோரி மாகாணத்தின் கனாகி என்ற ஊரில், பெரிய நிலக்கிழார் குடும்பத்தில் ஷூஜி சுஷிமா என்று ஒருவன் பிறந்தான். தசாய் என்பது அவன் பிறகு சூட்டிக்கொண்ட புனைபெயர். அவனிடம் மாய சக்தி எதுவும் இல்லை. உன் படத்தில் நிற்பவனுக்கோ நிலமும் இல்லை, குடும்பமும் இல்லை. பெயர் மட்டும்தான் இருவருக்கும் பொது.

சீடன்: அந்த மனிதரை நான் பார்த்ததில்லை, ஐயா. நான் பார்த்தது இந்த உருவத்தை. மனத்தில் ஒட்டிக்கொண்டதும் இதுதான். வகுப்பில் கை தானாகவே இதை வரையத் தொடங்கிவிடுகிறது. அது தவறா?

குரு: தவறென்று நான் சொல்லவில்லை. உனக்கு முன்னாலேயே இதைச் செய்தவன் ஒருவன் இருக்கிறான். வேறு யாருமில்லை, அந்தத் தசாயேதான். மாணவப் பருவத்துத் தசாயை நான் 'அவன்' என்றே சொல்கிறேன். அப்போது அவனுக்கு உன் வயதுதான். 1927 முதல் 1930 வரை ஹிரோசாகி நகரில் படித்தான், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு. அந்தக் காலத்துக் குறிப்பேடுகள் இன்றும் பாதுகாப்பாக இருக்கின்றன. ஒன்று ஆங்கிலப் பாடத்துக்கு, இன்னொன்று நன்னெறிப் பாடத்துக்கு. பாடத்துக்கு நடுவே முகம் முகமாக வரைந்து வைத்திருக்கிறான். ஓரிடத்தில் ரியூனோசுகே அகுதாகவா என்ற பெயரை மீண்டும் மீண்டும் எழுதியே பக்கத்தை நிரப்பியிருக்கிறான். பக்கத்திலேயே அகுதாகவாவின் முகத்தையும் வரைந்திருக்கிறான்.

சீடன்: தசாய் அகுதாகவாவை வரைந்தாரா? நன்னெறி வகுப்பில் உட்கார்ந்துகொண்டா?

குரு: ஆமாம். நிழற்படம் எடுக்கப் போனாலும் அகுதாகவாவைப்போலவே தாடையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். அவன் ஹிரோசாகியில் சேர்ந்த ஆண்டிலேயே, ஜூலை 24ஆம் நாள், அகுதாகவா தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவருக்கு வயது 35. தான் தெய்வமாக நினைத்தவர் இனி இல்லை என்று தெரிந்த ஒரு பையன் என்ன செய்வான்? பெயரை எழுதிப் பார்ப்பான், முகத்தை வரைந்து பார்ப்பான். அந்தப் பக்கத்தைப் பொழுதுபோகாதவனின் கிறுக்கல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

சீடன்: மங்காவில் இது அப்படியே தலைகீழாக இருக்கிறது. அங்கே அகுதாகவாதான் தசாயின் வாயிலிருந்து ஒரு பாராட்டு வராதா என்று ஏங்குகிறார். அதற்காக உயிரையே விடத் துணிகிறார்.

குரு: அப்படியா? அது எனக்குப் புதுச் செய்தி. அதைச் செய்தவர்கள் தசாயை நன்றாகப் படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். நிஜ வாழ்க்கையில் ஏக்கம் முழுவதும் தசாய் பக்கம்தான் இருந்தது. 1935இல் அகுதாகவா பெயரால் ஓர் இலக்கியப் பரிசு நிறுவினார்கள். முதல் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் தசாயின் பெயர் இருந்தது. பரிசோ தத்சுசோ இஷிகாவாவுக்குப் போனது. அடுத்த முறையாவது தமக்குத் தரவேண்டும் என்று நடுவர்களில் ஒருவரான ஹருவோ சாதோவுக்கு நீளமாகக் கடிதம் எழுதிக் கெஞ்சினார். கடைசிவரை கிடைக்கவில்லை. குறிப்பேட்டில் பெயரை எழுதி நிரப்பிய கைதான் அந்தக் கடிதத்தையும் எழுதியது என்பதை நினைத்துப் பார்.

சீடன்: ஏகலைவனைப்போல என்று சொல்லலாமா, ஐயா? துரோணரை மண்ணில் வனைந்து, அதன் முன்னால் நின்று கற்றுக்கொண்டானே.

குரு: சொல்லலாம். ஆனால் கதையில் பாதியை விட்டுவிடாதே. ஏகலைவன் உருவத்தை ஒருமுறைதான் செய்தான். அதன்பின் வில்லைத்தான் கையில் எடுத்தான். நாள்தோறும் துரோணரையே வனைந்துகொண்டிருந்தால் அவன் கைக்கு மண் பழகியிருக்கும், நாண் பழகியிருக்காது. தசாயும் குறிப்பேட்டோடு நிற்கவில்லை. அதே மாணவப் பருவத்தில் தானே இதழ் நடத்தினான், கதைகள் எழுதிப் பார்த்தான். நீ இந்த மேலங்கியை வரைந்த பிறகு என்ன செய்கிறாய்?

சீடன்: அடுத்த பக்கத்தில் இன்னொரு முறை வரைகிறேன். ஆனால் ஐயா, வரைந்துகொண்டே கேட்டால் பாடம் மனத்தில் நிற்கும் என்கிறார்களே. இங்கிலாந்தில் சோதித்துக்கூடப் பார்த்திருக்கிறார்களாம்.

குரு: உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறாய். 40 பேரை ஒரு சலிப்பூட்டும் தொலைபேசிப் பேச்சைக் கேட்கவைத்தார். கேட்டுக்கொண்டே கை வேலை செய்தவர்கள் 29 விழுக்காடு அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் செய்த வேலை, தாளில் முன்பே அச்சிட்டிருந்த வட்டங்களையும் சதுரங்களையும் நிழல் தீட்டியது. மனத்துக்குப் பிடித்த முகம் எதையும் அவர்கள் வரையவில்லை. ஒரு முகத்தை வரைகிறவன் அங்கேயே போய்விடுகிறான், பாடம் எங்கோ நடக்கிறது. அதனால் அந்த ஆய்வை உனக்குச் சாட்சியாக நான் ஏற்கமாட்டேன். உன் படங்களுக்குப் பயன் என்ற நியாயம் தேவையும் இல்லை. மதிப்பெண் இல்லாத, யாரும் கேட்காத இடம் அந்த ஓரம் ஒன்றுதான். தனக்கு யார் வேண்டும் என்று ஒரு மாணவன் தானே தேர்ந்துகொள்வது அங்கேதான்.

சீடன்: அப்படிச் சொன்னால் ஆறுதலாக இருக்கிறது. ஆனால் என் படங்கள் ஓரத்தோடு நிற்பதில்லை. வகுப்பு முடிந்ததும் நண்பர்கள் வாங்கிப் பார்க்கிறார்கள். இன்னொன்று வரை என்கிறார்கள். நானும் வரைந்து கொடுக்கிறேன்.

குரு: இதைத்தான் கேட்க நினைத்தேன். தசாய் கடைசியாக முடித்த நாவல் 'நிங்கென் ஷிக்காகு', 1948. உன் மங்காவில் அவன் சக்திக்கு வைத்த பெயரே அதுதான், இல்லையா? அதில் வரும் யோசோ என்ற பையன் மனிதர்களைக் கண்டு உள்ளுக்குள் நடுங்குகிறவன். அந்த நடுக்கம் வெளியே தெரியாமல் இருக்கக் கோமாளி வேடம் போடுகிறான். பாடம் நடக்கும்போது கேலிப்படம் வரைவான், இடைவேளையில் அதைக் காட்டிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பான்.

சீடன்: எங்கள் வகுப்பைப் போலவே இருக்கிறதே!

குரு: பொறு. அதே யோசோ வேறொரு விதமான படமும் வரைகிறான். தாகேயிச்சி என்ற வகுப்புத் தோழன் ஒருநாள் வான்கோவின் தன்னுருவப் படத்தைக் கொண்டுவந்து காட்டி, இது பேயின் படம் என்கிறான். யோசோவுக்குப் பொறிதட்டுகிறது. மனிதர்களைக் கண்டு அஞ்சிய ஒருவர், தம் கண்ணுக்குத் தெரிந்ததை மழுப்பாமல் அப்படியே தீட்டியிருக்கிறார் என்று புரிகிறது. பிறகு தன் முகத்தைத் தானே வரைகிறான். வந்த படம் இருண்டு கிடக்கிறது. சிரித்துச் சிரிக்கவைக்கிற யோசோவின் உண்மை முகம் அதுதான். அதைத் தாகேயிச்சி ஒருவனுக்கு மட்டும் காட்டிவிட்டு ஒளித்துவைத்துவிடுகிறான். வளர்ந்த பிறகு யோசோ பத்திரிகைகளுக்குக் கேலிப்படம் வரைந்துதான் பிழைக்கிறான். சிரிக்கவைத்த படம் சோறு போட்டது. ஒளித்துவைத்த படங்கள் எங்கோ தொலைந்துபோயின. அவன் வாழ்க்கை சரிந்ததற்கு நாவலில் எத்தனையோ காரணங்கள் உண்டு. எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான். இப்போது சொல், உன் படங்கள் இதில் எந்த வகை?

சீடன்: மேலங்கி போட்டவை எல்லாம் காட்டுவதற்கு. கடைசிப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, அதை யாரிடமும் காட்டியதில்லை.

குரு: கடைசிப் பக்கத்தை நான் திருப்பவில்லை. நீயாகக் காட்டும்போது பார்க்கிறேன். ஆனால் வேறொன்றைக் கேட்டாக வேண்டும். உன் மங்காவில் தசாய் சாவைப் பற்றி எப்படிப் பேசுகிறான்?

சீடன்: எப்போது பார்த்தாலும் தற்கொலைக்கு வழி தேடிக்கொண்டிருப்பார். அதை வேடிக்கையாகக் காட்டுவார்கள்.

குரு: அந்த வேடிக்கை எனக்கு வேதனையாக இருக்கிறது. உனக்கு அப்படி எண்ணம் எப்போதாவது வந்ததுண்டா? மறைக்காமல் சொல்.

சீடன்: இல்லை, ஐயா. என்னை இழுத்தது அதுவல்ல. எல்லோரோடும் சிரித்துப் பேசுகிற ஒருவர் உள்ளே தனியாக நிற்கிறார், அதுதான் பிடித்தது.

குரு: சரி. எப்போது வந்தாலும், எந்த நேரமானாலும் என்னிடம் வந்து சொல். இப்போது அந்தப் படத்தில் இடம்பெறாத முகங்களைச் சொல்கிறேன். 1948 ஜூனில் தசாய் நீரில் மூழ்கி இறந்தபோது அவர் மகள் யூகோவுக்கு ஒரு வயது. அந்தக் குழந்தைதான் வளர்ந்து யூகோ சுஷிமா என்ற பெரிய எழுத்தாளர் ஆனார். தகப்பன் இல்லாத வீடு அவர் கதைகளில் திரும்பத் திரும்ப வரும். அகுதாகவா போனபோது மூத்த மகன் ஹிரோஷிக்கு 7 வயது, யசுஷிக்கு 2. ஹிரோஷி நடிகர் ஆனார், யசுஷி இசையமைப்பாளர் ஆனார். அப்பா விட்டுப்போன கிராமபோன் தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் யசுஷிக்கு இசைமேல் பித்துப் பிடித்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையும் அவற்றில் இருந்தது. அப்பாவின் குரல் நினைவில்லாத ஒரு பிள்ளை அப்பாவின் தட்டுகளைச் சுழலவிட்டு உட்கார்ந்திருப்பதை எந்த மங்காவும் எனக்குக் காட்ட வேண்டாம். அதை நினைத்தாலே போதும்.

சீடன்: இதெல்லாம் எனக்குத் தெரியாது, ஐயா. இனி இவரை வரையாமல் விட்டுவிடவா?

குரு: ஏன் விட வேண்டும்? அகுதாகவாவும் வரைந்தவர்தான். தலையில் நீர் நிற்கும் குழியோடு ஆற்றில் திரியும் கப்பா என்ற கற்பனைப் பிராணியை மைத்தூரிகையால் ஆசை ஆசையாக வரைந்தார். 1927இல் 'கப்பா' என்றே ஒரு குறுநாவலும் எழுதினார். அவருடைய நினைவுநாளுக்கே கப்பாவின் பெயர்தான் நிலைத்திருக்கிறது. அவர் கப்பாவை வரைந்தார், தசாய் அவரை வரைந்தான், நீ தசாயை வரைகிறாய். அவர்கள் இருவரும் வரைந்த பொருளோடு நிற்காமல் எழுத்துக்குள் இறங்கினார்கள். நீ தசாயின் ஒரு வரியையாவது படித்திருக்கிறாயா?

சீடன்: இல்லை. எதிலிருந்து தொடங்கட்டும்? 'நிங்கென் ஷிக்காகு'வா?

குரு: அது பிறகு. முதலில் 'ஓடு, மெலோஸ்!' படி. 1940இல் எழுதிய சிறுகதை. ஜப்பானில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் பாடமாகவே படிக்கிறார்கள். மரண தண்டனை பெற்ற மெலோஸ், தங்கையின் திருமணத்தை முடித்துவிட்டு மூன்றாம் நாள் சூரியன் மறைவதற்குள் திரும்புவதாகச் சொல்லி, நண்பனைப் பிணையாக விட்டுப் போகிறான். வழியில் வெள்ளம், கொள்ளையர். ஓடி ஓடி ஓரிடத்தில் சுருண்டு விழுகிறான். போகாமலே இருந்துவிடலாம் என்றுகூட எண்ணம் வருகிறது. அருகில் நீர் ஊறும் சத்தம் கேட்கிறது. குடித்துவிட்டு எழுந்து ஓடுகிறான். போய்ச் சேர்ந்ததும் நண்பனிடம், வழியில் ஒரு கணம் தடுமாறிவிட்டேன், என்னை அறை என்கிறான். நண்பனும் அறைந்துவிட்டு, நானும் ஒருமுறை உன்னைச் சந்தேகித்தேன், என்னையும் அறை என்கிறான். சாவைப் பற்றி அத்தனை எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது.

சீடன்: அதை வரைய வேண்டும்போல இருக்கிறது. ஓடுவதை அல்ல, விழுந்து கிடக்கும் இடத்தை.

குரு: எனக்கும் அந்த இடம்தான் பிடிக்கும். முதலில் கதையைப் படி. படித்த பிறகும் அந்த இடம்தானா என்று வந்து சொல்.