பிரமாணத்திற்குப் பின் வரும் இரவுகள்

சித்தூர் நகருக்கு அருகில், பாஹுதா நதிக்கரையில் அமைந்துள்ளது காணிப்பாக்கம் சுயம்பு வரசித்தி விநாயகர் திருக்கோயில். கிணற்றினுள் தாமாகவே தோன்றி, இன்றும் நீரின் நடுவே எழுந்தருளியிருக்கும் இம்மூர்த்தியைச் சத்தியத்தின் சாட்சியாகவே மக்கள் போற்றுகின்றனர். ஊரில் ஒரு வழக்கு தீராவிட்டால், 'காணிப்பாக்கம் வந்து பிரமாணம் செய்யத் தயாரா?' என்று கேட்பது சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வழக்கம். அவ்வாறே, திருக்குளத்தில் நீராடி, சந்நிதியில் நின்று, 'இனி மதுவைத் தொடமாட்டேன்' என்று சத்தியம் செய்வதற்காகவே மனைவி மக்களுடன் அங்கு வருபவர்களும் பலர்.

பேச்சு வழக்கில் 'பிரமாணம்' என்றால் சத்தியம் செய்தல். தர்க்க சாஸ்திரத்திலோ அச்சொல்லுக்கு உண்மையை நிலைநாட்டும் கருவி என்பது பொருள். இவ்விரு பொருள்களும் மதுவை விட்டவனின் வாழ்வில் ஒன்றாகின்றன. சந்நிதியில் அவன் செய்த பிரமாணம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அது உண்மை என்று நிலைநாட்டப்பட வேண்டிய இடம் அவனது வீடு, நேரம், இரவு. பகலில் வேலையும் மனிதர்களும் துணையிருப்பார்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு, உறக்கம் வராமல் விழித்துக் கிடப்பவனுக்குத் துணை யார்?

ஆந்திரத்து வரலாறும் இக்கேள்வியை எழுப்புகிறது. 1992-ஆம் ஆண்டு நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்தில், எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் சாராயக் கடைக்கு எதிராகத் திரண்டனர். அவ்வெழுச்சி பல மாவட்டங்களுக்கும் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது. 1997-இல் அது தளர்த்தப்பட்டது. அப்பெண்களின் தவம் வணக்கத்திற்குரியது. ஆயினும் கடை மூடப்பட்டிருந்த காலத்திலும், குடித்துப் பழகிய உடலின் இரவுகளை எந்தச் சட்டத்தாலும் சீர்செய்திருக்க இயலாது. அது வேறொரு சாதனை.

மது தருவது உறக்கமா?

'குடித்தால்தான் தூக்கம் வருகிறது' என்று சொல்லாத குடிநோயாளி அரிது. இக்கூற்றைச் சற்று ஆராய்வோம்.

ஆழ்ந்த உறக்கத்தில் ஜீவன் சத்துடன் ஒன்றி இளைப்பாறுகிறது என்று சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு உபதேசிக்கிறார். மாண்டூக்கிய உபநிஷதமும் விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என்னும் மூன்றையும் ஆத்ம விசாரத்திற்கு வாயில்களாகவே கொள்கிறது. ஆகவே, உறக்கம் நம் மரபில் இழிவானதன்று. இறைவன் ஒவ்வோர் இரவும் எல்லா உயிர்களுக்கும் வழங்கும் பிரசாதம் அது. ஆனால், அந்த மாண்டூக்கியத்திற்குக் காரிகை அருளிய கௌடபாதர், மனம் மயக்கத்தில் அமிழ்ந்துபோகும் 'லயம்' என்ற நிலையை யோகத்தின் தடைகளுள் ஒன்றாகக் காட்டி, அதிலிருந்து மனத்தை எழுப்பிவிடுமாறு பணிக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு லயமும் அமைதியும் ஒன்றுபோலவே தோன்றும். மது தருவது லயமே.

மருத்துவமும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது. மது மூளையை அடக்கிவைக்கிறது. இரவின் முற்பகுதியில் கண்கள் சீக்கிரம் மூடிக்கொள்கின்றன. ஆனால் கனவுகளோடு கூடிய உறக்கம் குறைகிறது; பிற்பகுதியில் உறக்கம் துண்டு துண்டாகிறது. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு அடக்கப்படும் மூளை, அதை ஈடுசெய்யத் தன் விழிப்பு விசையை மிகுத்துக்கொள்கிறது. மதுவை நிறுத்தியதும் அடக்கும் பொருள் அகன்றுவிடுகிறது. மிகுந்த விசையோ அப்படியே நிற்கிறது. பதற்றம், வியர்வை, உறக்கமின்மை, அடக்கி வைக்கப்பட்ட கனவுகள் எல்லாம் ஒருசேரப் பொங்கி வருவதால் கொடுங்கனவுகள் — இவையெல்லாம் இதனால் விளைபவை. இந்தத் தொல்லை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். பின்னர் படிப்படியாகத் தணியும். இதனை அறியாதவன், 'சத்தியம் செய்தும் சுவாமி எனக்கு நிம்மதி தரவில்லையே' என்று மயங்குகிறான். சுவாமி தரவில்லை என்பதல்ல. உடல் தன் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

முதல் நான்கு நாட்கள்

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். காணிப்பாக்கத்தில் பிரமாணம் செய்பவர்களும், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை அணிந்து 41 நாள் விரதம் பூணுபவர்களும், முந்தைய நாள்வரை குடித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்திவிடுவது உண்டு. சிறிதளவு குடித்தவர்களுக்கு இதனால் தீங்கில்லை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர்களுக்கோ இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கைநடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். இல்லாத குரல்கள் கேட்கும். குடும்பத்தார் இதனைப் பேய் பிடித்ததென்றோ, தெய்வக் குற்றமென்றோ எண்ணி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நேரத்தை வீணாக்கிவிடுகின்றனர். உரிய சிகிச்சை இல்லையேல் இந்நிலையில் மரணமும் நேரும். ஆகவே, பிரமாணத்திற்கு நாள் குறிக்கும்போதே மருத்துவரைக் காண்பதற்கும் நாள் குறித்துவிடுங்கள். முதல் சில நாட்களில், அலிபிரியிலிருந்து மூவாயிரத்திற்கும் மேற்பட்ட படிகளை ஏறித் திருமலைக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொள்ளவும் வேண்டாம். வேங்கடவன் எங்கும் போய்விடமாட்டான். உடல் தேறிய பின் ஏறலாம்.

மாத்திரையால் விரதம் கெடுமா?

மருத்துவர்கள் இந்த முதல் நாட்களில் டயஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு, லோரஸெபாம் போன்ற மருந்துகளையும் வைட்டமின் பி1-ஐயும் தருவர். மது விட்டுச் சென்ற இடத்தில் மூளை சரிந்து விழாதபடி முட்டுக்கொடுப்பவை இம்மருந்துகள். சில நாட்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள்.

பக்தி மிகுந்த சிலர், 'ஒரு போதையை விட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு இன்னொரு போதையை விழுங்குவதா?' என்று இவற்றை மறுத்துவிடுகின்றனர். வேறு சிலர் இதற்கு நேர்மாறாக, அந்த மாத்திரைச் சீட்டையே பல மாதங்கள் பத்திரப்படுத்தி, தாமே அளவைக் கூட்டிக்கொண்டு, மது இருந்த பீடத்தில் மாத்திரையை அமர்த்திவிடுகின்றனர். இரண்டுமே தவறு. நீண்டநாள் உட்கொண்டால் இம்மருந்துகளும் அடிமைப்படுத்துபவை. மதுவுடன் சேர்ந்தால் மூச்சையே நிறுத்தக்கூடியவை. பல மாதங்கள் உட்கொண்டபின் திடீரென நிறுத்தினால் வலிப்பை உண்டாக்குபவை. எனவே, தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவரின் கையிலேயே இருக்க வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. கள்ளில் அல்பிரசோலம், டயஸெபாம் போன்ற மருந்துகளைக் கலந்து விற்கும் கொடுமை தெலுங்கு நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. 2015-இல் தெலங்கானாவில் அக்கலப்படம் கடுமையாகத் தடுக்கப்பட்டபோது, அதைக் குடித்துப் பழகியவர்கள் நடுக்கத்துடனும் வலிப்புடனும் மருத்துவமனைகளில் குவிந்தனர். தாங்கள் குடித்தது கள் என்றே அவர்கள் எண்ணியிருந்தனர். அவர்களைப் பிடித்திருந்ததோ தூக்க மாத்திரை.

அப்படியானால் மருந்தையும் மதத்தையும் பிரித்தறிவது எப்படி? மருந்துக்கு அளவு உண்டு; அந்த அளவை நிர்ணயிப்பது நம் ஆசை அன்று, மற்றொருவரின் அறிவு. மருந்துக்குக் காலமும் உண்டு, முடிவும் உண்டு. பிறர் அறியவே அதனை உட்கொள்கிறோம். மதம் தருவதற்கு அளவை நிர்ணயிப்பது ஆசை, அதற்கு முடிவில்லை, அது ஒளிந்து வாழும். ஒரே மாத்திரை ஒருவரிடம் மருந்தாகவும் மற்றொருவரிடம் மதமாகவும் இருப்பது இதனால்தான். மருத்துவர் தந்த அளவில், தந்த நாட்களுக்கு உண்பவனின் விரதம் சிறிதும் கெடுவதில்லை.

சங்கரும் லிகிதரும்

பாஹுதா நதிக்குப் பெயர் வந்த கதை மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் உள்ளது. சங்கர், லிகிதர் என்ற இரு முனிவர்கள் உடன்பிறந்தவர்கள். தமையன் இல்லாத நேரத்தில், அவரது தோப்பிலிருந்த கனிகளை லிகிதர் கேளாமல் பறித்து உண்டார். உண்மையை அறிந்த சங்கர் தம்பியைத் தாமே தண்டிக்கவுமில்லை. அன்பினால் மூடி மறைக்கவுமில்லை. 'அரசனிடம் சென்று உள்ளதைச் சொல்' என்று அனுப்பினார். லிகிதர் சென்றார், சொன்னார், கைகளை இழந்தார். பின் தமையனின் சொற்படி நதியில் மூழ்கித் தர்ப்பணம் செய்ய முனைந்தபோது, இழந்த கைகள் மீண்டும் முளைத்தன. காணிப்பாக்கத்தில் ஓடும் நதியே அது என்பது தலமரபு.

குடிநோயாளியின் இல்லத்திற்கு இக்கதையைவிடச் சிறந்த உபதேசம் வேண்டியதில்லை. குடும்பத்தார் சங்கரைப்போல் இருக்கட்டும்: அடித்துத் திருத்தவும் வேண்டாம், மறைத்துக் காக்கவும் வேண்டாம், உரியவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோயாளி லிகிதரைப்போல் இருக்கட்டும்: எவ்வளவு குடித்தேன், எத்தனை மாத்திரை விழுங்கினேன், நேற்று மீண்டும் குடித்தேனா என்பவற்றை மருத்துவரிடம் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அரைகுறையான உண்மையைக் கேட்டு எழுதப்படும் மருந்தின் அளவும் தவறாகவே அமையும். சத்தியத்தின் சாட்சியான பிள்ளையார் முன் சொன்ன உண்மை, மருத்துவரின் அறையிலும் தொடர வேண்டும். நேரில் செல்லத் தயங்குபவர்களுக்காக 2022 அக்டோபர் முதல் மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இயங்கி வருகிறது; தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

திருமலை கற்பிக்கும் ஒழுங்கு

அபாயமான முதல் நாட்கள் கடந்தபின் எஞ்சும் உறக்கமின்மைக்கு மாத்திரையைவிட ஒழுங்கே சிறந்த மருந்து. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காமலே இருப்பவனுக்கும் யோகம் கைகூடுவதில்லை என்று கண்ணன் தெளிவுபடுத்துகிறார். உணவு, உழைப்பு, உறக்கம், விழிப்பு அனைத்திலும் அளவையே வேண்டுகிறார்.

திருமலையில் இதனைக் கண்கூடாகக் காணலாம். இரவில் ஏகாந்த சேவையில் போக ஸ்ரீநிவாசரை ஊஞ்சல் கட்டிலில் துயில்வித்துத் தாலாட்டுப் பாடுகின்றனர். அன்னமாச்சாரியாரின் வழித்தோன்றல்கள் பாடும் அத்தாலாட்டோடு, சித்தூர்ச் சீமையின் தரிகொண்டாவில் பிறந்த வெங்கமாம்பாவின் பெயரால் நிகழும் ஹாரத்தியும் அச்சேவையில் இடம்பெறுகிறது. விடியுமுன் சுப்ரபாதம். பக்தர் கூட்டம் மிகுந்த நாட்களில் இடைப்பட்ட ஓய்வு மிகவும் சுருங்கிவிடும். ஆயினும், நேற்று ஓய்வு குறைந்ததென்று சுப்ரபாதம் நிறுத்தப்படுவதில்லை.

உறக்கமின்மைக்கு மருத்துவர்கள் இன்று முதலில் பரிந்துரைக்கும் நடத்தைசார் சிகிச்சையின் சாரமும் இதுவே. இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். பகல் தூக்கத்தை விட்டுவிடுங்கள். பிற்பகலுக்குமேல் காபி, தேநீர் வேண்டாம். படுக்கையை உறக்கத்திற்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இருபது நிமிடங்களில் உறக்கம் வராவிட்டால், புரண்டு கிடக்காமல் எழுந்து வேறிடத்தில் அமருங்கள். கண் அயரும்போது திரும்பி வாருங்கள்.

அமர்ந்திருக்கும் அந்நேரத்தில் இறைவன் திருநாமத்தை மெல்லச் சொல்லுங்கள். ஆனால் அதனை மற்றொரு தூக்க மாத்திரையாக்கிவிடாதீர்கள். 'நூற்றெட்டு சொல்லியாயிற்று, இன்னும் தூக்கம் வரவில்லையே' என்று கடிகாரத்தைப் பார்ப்பது ஜபம் ஆகாது. உறக்கம் வந்தால் அவன் அருள்; வராவிட்டால், குடிக்காமல் கழிந்த ஓர் இரவும் அவன் நாமத்தோடு கழிந்த ஓர் இரவும் உங்களுடையவை.

வீட்டாரின் உறக்கம்

தெலுங்குப் பெண்கள் வழிவழியாகப் பாடிவரும் கதையில், லட்சுமணன் விழித்திருந்த பதினான்கு ஆண்டுகளும் ஊர்மிளை உறங்கினாள். குடிப்பவனின் வீட்டிலோ இது தலைகீழ். அவன் மயங்கிக் கிடந்த ஆண்டுகளெல்லாம், கதவு தட்டப்படும் ஓசைக்காக அவன் மனைவி விழித்திருந்தாள். அவன் குடியை விட்டதும் அவளது காதுகள் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. அவளது உறக்கமும் தேற வேண்டியதே. அதற்கும் காலமும் பரிவும் தேவை.

பிரமாணம் செய்தபின் ஒருவன் ஓர் இரவு தவறிவிட்டால் என்ன செய்வது? வெட்கத்தால் ஒளிந்துகொண்டு தொடர்ந்து குடிப்பதுதான் பேரழிவு. மறுநாள் காலையே மருத்துவரிடம் சென்று உள்ளதைச் சொல்லட்டும். லிகிதரின் கைகளை மீண்டும் தந்தருளிய நதி, இன்னும் அதே சந்நிதியின் அருகில்தான் இருக்கிறது. மதுவை விட்டு, உறங்க முயன்றுகொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும், அவர்களுக்காக விழித்திருந்த ஒவ்வொருவருக்கும் வரசித்தி விநாயகர் நல்லுறக்கத்தையும் நல்விழிப்பையும் அருள்வாராக!