கடன் என்னும் சொல்

இயேசு கற்பித்த செபத்தில், பாவங்களைப் பொறுத்தருள நாம் வேண்டும் இடத்தில் மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல் 'ஒஃபெய்லேமத்தா'. 'கடன்கள்' என்பதே அதன் நேர்ப்பொருள். லூக்கா முதலில் 'பாவங்கள்' என்று எழுதினாலும், அடுத்த அடியிலேயே கடன்பட்டோரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். இயேசு பேசிய அரமேயத்திலோ இந்தத் தடுமாற்றம் எழவே வழியில்லை. அங்கே கடனுக்கும் பாவத்துக்கும் 'ஹோபா' என்னும் ஒரே சொல்தான் வழங்கியது.

செருமானிய மொழியின் 'ஷுல்ட்' என்பதும் இத்தகையதே. கடன், குற்றம் என்னும் இரு பொருளையும் அது தாங்குகிறது. நீட்சே 1887-இல் வெளியிட்ட நூலில் இதனைப் பற்றிக்கொண்டு, குற்றவுணர்வே கடன் கொடுக்கல் வாங்கலில் பிறந்தது என்று வாதிட்டார். அவரோடு நமக்கு ஆயிரம் பிணக்கு உண்டு. எனினும் அவர் தொட்ட இடம் புண்ணான இடம் என்பதை மறுப்பதற்கில்லை. கடனும் குற்றமும் ஒரே பெயர் பெறும்போது, கொடுக்க இயலாதவன் பாவியாகிறான், கொடுத்தவன் நீதிமானாகிறான். வட்டி கட்ட வழியற்றவர் ஆலய வாயிலிலேயே கூசி நிற்பதைப் பங்குப் பணியாளர்கள் அறிவர். வட்டி வாங்குவோரிடம் அக்கூச்சத்தைக் காண்பது அரிது.

தமிழ்ச் சொல் வேறொரு வாயிலைத் திறக்கிறது. கடன், கடமை, கடப்பாடு யாவும் ஓரினச் சொற்கள். காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார் கடன் என்று நாம் சொல்லும்போது எந்தக் கணக்கேடும் நினைவுக்கு வருவதில்லை. (சோழர் கல்வெட்டுகளில் 'கடமை' என்பது வரியைக் குறித்தது என்பதும் உண்மையே, அரசுகள் நல்ல சொற்களை விட்டுவைப்பதில்லை!) புறநானூற்றின் 312-ஆம் பாடலில் பொன்முடியார் இச்சொல்லை ஒவ்வொருவர் தோளிலும் ஏற்றுகிறார். மகனைப் பெற்று வளர்ப்பது தாய்க்குக் கடன். சான்றோன் ஆக்குவது தந்தைக்கு. வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு. வேந்தனுக்கும் அவ்வாறே ஒரு கடன் உண்டு. அப்பாடலில் கடன்படாதவர் எவருமில்லர். வாங்குவதற்கென்றே பிறந்தவரும் இல்லர். போரைப் போற்றும் பாடல் அது. அதன் முடிவு நமக்கு உவப்பானதன்று. ஆயினும் கடனை அது பகிர்ந்தளிக்கும் முறை கருதத்தக்கது.

இக்கண்ணோடு மத்தேயு 18-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பணியாளன் அரசனுக்குத் தர வேண்டியது பத்தாயிரம் தாலந்து. உடன்பணியாளன் அவனுக்குத் தர வேண்டியதோ நூறு தெனாரியம், அதாவது நூறு நாள் கூலி. ஒரு தாலந்துக்கு ஆறாயிரம் தெனாரியம் எனக் கொண்டால், முன்னது பின்னதைப்போல் 6,00,000 மடங்கு. அத்துணைப் பெருங்கடனையும் அரசன் தள்ளிவிடுகிறான். கடன்பட்டிருந்தவரை அப்பணியாளன் பொல்லாதவன் எனப் பெயர் பெறவில்லை. தனக்குக் கடன்பட்டவனின் கழுத்தை நெரித்த பின்னரே அப்பெயர் பெறுகிறான்.

இது புதிய ஏற்பாட்டின் புதுமையும் அன்று. ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்களை விடுவிக்கக் கட்டளையிடும் இணைச்சட்டம் 15-ஆம் அதிகாரம், அவ்வாண்டு நெருங்குகிறதென்று கணக்குப் பார்த்து ஏழைக்குக் கைகொடாமல் விடுபவனை எச்சரிக்கிறது. அந்த ஏழை ஆண்டவரை நோக்கி முறையிட்டால், பாவம் வந்து சேர்வது கைவிரித்த செல்வன் மீதே என்கிறது அச்சட்டம்.