விளக்கா, தாரையா?



எங்கள் பெரக்கரை நாட்டு வாலிபர்கள் நாலு பேர், தங்கள் பாட்டுக் குழுவுக்குத் தாங்களே நோட்டீஸ் அடித்து ஊர் ஊராய் ஒட்டினார்கள். "இது பெருமை இல்லையா, தம்பி?" என்று கடிந்துகொண்டேன். "சொல்லாட்டி யாருங்கய்யா வருவாங்க?" என்றான் ஒருவன். எனக்குப் பதில் வரவில்லை.

டில்லியில் இந்தியன் ஓஷன் என்றொரு இசைக்குழு உண்டு. சுரியானி சபைப் பாடலொன்றை 'கந்தீசா' என்று 2000-ல் இசைத்தட்டில் வெளியிட்டவர்கள். 2010-ல் தொடங்கி அவர்கள் கேசட் கம்பெனிகளை நம்பியிராமல், தங்கள் புதுப் பாட்டுகள் ஏழையும் மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாய்க் கொடுத்தார்கள். அதுவும் விளம்பரந்தான். ஆனாலும் ஜனங்கள் கையில் கிடைத்தது பாட்டு.

விளக்கை மரக்காலால் மூடாதே, தாரை ஊதாதே என்று இரண்டையும் கற்றவர்கள் நாம். எது விளக்கு, எது தாரை? ஆள் வராத நாளில் தெரிந்துவிடும். அன்றைக்கும் அதே மனசோடு பாடுகிறவன் ஏற்றினது விளக்கு.

சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஒரு மழைநாள் கூட்டத்துக்கு மூணே பேர் வந்தார்கள். நான் பிரசங்கத்தைப் பாதியில் முடித்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளோ, போன வாரம் ஐந்து பேருக்கு முன்னால் எல்லாப் பாட்டையும் பாடி முடித்தார்கள்.

தாரை ஊதினது யார், பிரியமானவர்களே?