சாய்வும் வழுக்கலும்

நிற்க முடியாத ஒரு பொருளின்மேல் ஏறி நிற்க முயன்று, என் எழுபத்திரண்டாவது வயதில், காலிஃபோர்னியாவில் மகள் வீட்டு வாசல் சிமெண்டுத் தரையில் விழுந்தேன். ஆண்டு 2018. அடி பெரிதில்லை. இடது மணிக்கட்டு இரண்டு வாரம் வீங்கியிருந்தது, அவ்வளவுதான். விழுந்ததற்காகக் கட்டுரை எழுதவேண்டியதில்லை. விழுவதற்கு முந்திய நொடியில் என் உடம்பு செய்த காரியம், நாற்பது வருஷமாக என் எழுத்து செய்துவந்த அதே காரியம் என்று பிறகு பட்டது. அதனால் எழுதுகிறேன்.

பேரன் வைத்திருந்தது காஸ்டர் போர்டு. ரிப்ஸ்டிக் என்ற பெயரில் ரேஸர் கம்பெனி விற்பது. ஸ்கேட்போர்டை நம்மில் பலர் சினிமாவிலாவது பார்த்திருப்போம். ஒரு பலகை, அடியில் நான்கு சக்கரம். அது சும்மா கிடக்கும்போதும் அதன்மேல் ஏறி நிற்கலாம். இது அப்படியல்ல. மூன்றடிக்குச் சற்றுக் குறைவான நீளம். முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு தட்டுகள்; இரண்டையும் இணைப்பது, முறுக்கினால் முறுக்கிக்கொடுக்கும் ஒரு தண்டு. ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒரே ஒரு சக்கரம். அந்தச் சக்கரமும் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டிச் சக்கரத்தைப்போல முழு வட்டம் திரும்பக்கூடியது. தள்ளுவண்டியில் சக்கரத்தைத் தாங்கும் அச்சு செங்குத்தாக இருக்கும். இதில் சாய்வாகப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தச் சாய்வில்தான் எல்லாம் இருக்கிறது: தட்டை ஒருபுறம் சாய்த்தால் சக்கரம் தானாகத் திரும்பிக்கொள்கிறது.

பெடல் கிடையாது, சங்கிலி கிடையாது. ஸ்கேட்போர்டுக்காரன்போல ஒரு காலால் தரையை உந்திக்கொண்டே போகவேண்டிய அவசியமும் இல்லை. முதலில் ஒரு தள்ளு. பிறகு இரண்டு காலும் பலகைமேல்தான். முன்பாதம் ஒருபுறம் சாயும்போது பின்பாதம் மறுபுறம் சாய்கிறது. கரகம் ஆடுகிறவரின் இடுப்பைப்போல இடுப்பு அசைகிறது. பலகை பாம்பாக நெளிந்து போகிறது. லேசான மேட்டில்கூட, கால் தரையில் படாமல், பையன் ஏறிப் போவதைப் பார்த்தேன். கல்லூரியில் முப்பது வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் நான். எதைத் தள்ளிக்கொண்டு இவன் முன்னே போகிறான்? கேட்டேன். "சும்மா ஆட்டணும் தாத்தா, அதுவே போகும்" என்றான்.

அதுவே போகாது என்று எனக்குத் தெரியும். இந்த வகைக்கு ஒரு மூத்த உறவு உண்டு: 1989-இல் தென்னாப்பிரிக்காவில் உருவான ஸ்னேக்போர்டு. அதற்குத் தட்டுக்கு இரண்டாக நான்கு சக்கரம். ஆனாலும் உடம்பின் முறுக்கலால் போவது. காலிஃபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் அதை ஆராய்ந்த நால்வர் 1994-இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். சமன்பாடுகளை விட்டுவிடலாம். விஷயம் இதுதான். சக்கரம் தான் பார்க்கும் திசையில் தாராளமாக உருளும். பக்கவாட்டில் வழுக்க மட்டும் மறுக்கும். சவாரி செய்கிறவன் முறுக்கும்போது சக்கரம் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. தரையைப் பற்றிக்கொண்டு அது போகமாட்டேன் என்கிறது. சக்கரம் கோணலாகத் திரும்பி நிற்பதால் அந்த மறுப்பில் ஒரு பங்கு முன்னோக்கிய உந்தலாகிறது. அடுத்த நொடி எதிர்ப்புறம் முறுக்கல், எதிர்ப்புறம் மறுப்பு, மீண்டும் உந்தல். எண்ணெய் கொட்டிய தரையில் இதே பையன் இதே இடுப்பை எவ்வளவு ஆட்டினாலும் இருந்த இடத்தில்தான் இருப்பான், அல்லது விழுவான்.

எல்லாத் திசைக்கும் திரும்பச் சம்மதிக்கிற ஒன்று, எந்தத் திசையில் நின்றாலும் வழுக்கச் சம்மதிப்பதில்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குள் பழைய விஷயம் ஒன்று அசௌகரியமாகப் புரள ஆரம்பித்தது.

நான் ஏன் விழுந்தேன்? பலகை லேசாக ஆடியது. ஆடியதும் ஆட்டத்தை நிறுத்த உடம்பை விறைத்தேன். நான்கு சக்கரமென்றால் அது சரியான காரியம். இரண்டு சக்கரத்தில் அது விழுவதற்கான நிச்சயமான வழி. "முதல்ல போங்க தாத்தா, அப்புறம் நிக்கலாம்" என்றான் பையன். வரிசை மாறியிருந்தது. முதலில் நின்றுகொள், பிறகு புறப்படு என்றே நான் படித்தும் சொல்லியும் வந்தவன்.

எங்கள் தலைமுறைச் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு 'நிலைப்பாடு' என்ற சொல் கிட்டத்தட்ட ஒரு மந்திரம். முந்நூறு பிரதி அச்சிட்டு நூறு பிரதி விற்ற பத்திரிகைகளில் நாங்கள் வேறெதை வைத்திருந்தோம்? நிலை மாறாதவனின் தோற்றத்தை மலையைவிடப் பெரிதென்று வள்ளுவர் சொல்லியிருப்பது எங்களுக்கு வசதியாக இருந்தது. அதே வள்ளுவர் சான்றோனுக்குத் துலாக்கோலை உவமை சொன்னதையும் ஒருபுறம் சாயாமை என்று மட்டுமே எடுத்துக்கொண்டோம். சாயவே முடியாத தராசு எதையும் நிறுக்காது என்பது, கடையில் காய் வாங்குகிற எவருக்கும் தெரிந்த சங்கதி, எங்களுக்குத் தோன்றவில்லை.

1979-இல் எங்களில் ஒருவர் வாரப்பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதத் தொடங்கினார். எங்களைவிடக் கூர்மையான கவிஞர் அவர். வணிகப் பத்திரிகையில் எழுதுவதில்லை என்று நாங்கள் கூடிச் சபதம் போட்டபோது வாசகங்களை அழகாகச் செப்பனிட்டவரும் அவர்தான். அவருக்கெதிராக நான்கு பக்கம் எழுதினேன். அவரைக் கழைக்கூத்தாடி என்றேன். கயிற்றின்மேல் இருபுறமும் சாய்ந்து சாய்ந்து நடந்து காசு பொறுக்குகிறவர். செய்வது கலையல்ல, வித்தை. அந்தக் காலத்தில் அந்தக் கட்டுரைக்கு நல்ல பெயர். அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. வீட்டுக்கு வரச்சொல்லி இரண்டே வரி, கட்டுரையைப் பற்றி ஒன்றுமில்லை. போகவில்லை. பதிலும் போடவில்லை. அவர் 2011-இல் இறந்துபோனார்.

கழைக்கூத்தாடி கையிலுள்ள மூங்கில் ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை என்பதைச் சிறுவயதில் கோயில் மைதானத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்ததைக் கட்டுரை எழுதும்போது மறந்திருக்கிறேன். 'வித்தை' என்ற சொல்லையும் ஏளனமாகப் பயன்படுத்தினேன். கற்றதையும் வித்தை என்கிறோம், தெருவில் காட்டுவதையும் வித்தை என்கிறோம். நம் மொழி இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது சோம்பலால் அல்ல என்று இப்போது நினைக்கிறேன்.

பேரனும் அவன் நண்பர்களும் வித்தைகள் பழகினார்கள். நடைபாதை விளிம்பிலிருந்து பலகையோடு தெருவில் குதிப்பது. குதித்தபடியே காற்றில் அரைவட்டம் திரும்பி இறங்குவது. நான் அந்தக் கட்டுரையை எழுதிய காலத்தில், எழுபதுகளின் கடைசியில், ஃபுளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற இளைஞன் கையால் பிடிக்காமலே ஸ்கேட்போர்டோடு காற்றில் எழும்பும் முறையைக் கண்டுபிடித்தான். அவன் செய்தது வளைந்த சரிவுகளில். எண்பதுகளின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தான். காஸ்டர் போர்டில் குதிப்பதற்கு வேறொரு சங்கடம் உண்டு. தரையை விட்டதும் சக்கரங்கள் இஷ்டத்துக்குத் திரும்பிவிடும். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கும் என்று குதிக்கிறவனுக்குத் தெரியாது. தரை தொட்ட கணத்தில் அவை போகும் திசைக்குப் பின்னால் தாமாக வந்து சேரவேண்டும். அந்தக் கணத்தில் முழங்கால் மடங்கி இடம் கொடுக்கவேண்டும், விறைத்தவன் விழுகிறான். ஒரே குதியைப் பையன் ஒரு மாலையில் முப்பது நாற்பது தரம் செய்தான். பாதிக்குமேல் விழுந்தான். யாரும் கைதட்டவில்லை, யாரும் காசு போடவில்லை.

இந்த இடத்தில் எனக்கே என்மேல் சந்தேகம் வருகிறது. சாய்வதை இப்படிப் புகழ ஆரம்பித்தால் நம் ஊர்ச் சந்தர்ப்பவாதி ஒவ்வொருவனும் வந்து என் கையைக் குலுக்குவான். 1975 ஜூனில் எமர்ஜென்சி வந்தபோது காற்றடித்த பக்கம் சாய்ந்தவர்கள் 1977-க்குப் பிறகு மறுபக்கம் சாய்ந்ததைப் பார்த்தவன் நான். அவர்களை இந்தப் பலகையின் பெயரால் மன்னிக்க நான் தயாரில்லை. அவர்கள் சாயவில்லை, வழுக்கினார்கள். யார் தள்ளினாலும் தள்ளிய பக்கம் போனார்கள். தள்ளலுக்கு எதிராக அவர்களிடம் எந்த மறுப்பும் இல்லை. ஆகவே உறுதி என்று ஒன்று இருக்கிறது. அதை நான் தேடிய இடம்தான் தவறு. ஒரே திசையைப் பார்ப்பதில் தேடினேன். தரையைப் பற்றியிருப்பதில் தேடியிருக்கவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும், இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 1979-இல் எனக்கு அரசுக் கல்லூரியில் நிரந்தர வேலை. மாதக் கடைசியில் சம்பளம், ஊரில் கொஞ்சம் நிலம், மனைவி வழியில் ஒரு வீடு. வாரப்பத்திரிகையில் எழுதாமலிருப்பதற்கு நான் எதையும் இழக்கவேண்டியிருக்கவில்லை. அவர் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார், அதுவும் நிரந்தரமில்லை. நான்கு சக்கரத்தின்மேல் நின்றுகொண்டு, இரண்டு சக்கரத்தில் போனவனை 'ஆடுகிறான்' என்று எழுதினேன். என் அசையாமை என் குணமா, என் பலகையின் அமைப்பா என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் கார்டு போட்டு வீட்டுக்குக் கூப்பிட்டார்.

வறுமை எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிடும் என்று சொல்லவரவில்லை. அது அவரையும் அவமதிப்பதாகும். அவர் வழுக்கினாரா இல்லையா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஊர் திரும்பியதும் அந்தத் தொடர்கதையைத் தேடிப் படித்தேன். பழைய இதழ்களைச் சேர்த்துவைப்பவர் ஒருவரிடம் கிடைத்தது. இருபத்தேழு வாரம். நாலைந்து அத்தியாயங்களில் வழுக்கல் தெளிவாகத் தெரிகிறது. கிணற்றடிக் காட்சி ஒன்று ஓவியருக்காகவே எழுதப்பட்டது. மீதியில் வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தேன். வாரக்கடைசியில் திருப்பம் வைக்கவேண்டிய கட்டாயம் அவரை ஒருபுறம் தள்ளுகிறது. வாக்கியம் அந்தப் பக்கம் திரும்புகிறது, ஆனால் சரியவில்லை. ஒரு விதவை பாத்திரம் தேய்த்துக்கொண்டே கணக்குப் போடும் மூன்று பக்கங்களை எங்கள் பத்திரிகை எதுவும் அதுவரை அச்சிட்டதில்லை; நாங்கள் எழுதியதும் இல்லை. 1979-இல் நான் படித்தது முதல் நான்கு வாரங்களை மட்டுமே என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். கட்டுரை எழுத அது போதுமானதாக இருந்தது.

சக்கரம் திரும்புகிறதா வழுக்குகிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்? காலிஃபோர்னியாவிலிருந்து புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பேரனிடம் இதையே வேறுவிதமாகக் கேட்டேன். அவன் யோசித்துவிட்டு, "சத்தம் வேற மாதிரி வரும் தாத்தா" என்றான். எனக்காக இரண்டையும் செய்துகாட்டினான். ஒருமுறை குதித்துச் சரியாக இறங்கினான், ஒருமுறை வேண்டுமென்றே பலகையைக் குறுக்கே வைத்துச் சறுக்கினான். வாசற்படியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். இன்னொருமுறை செய்யச்சொன்னேன். செய்தான். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டன.